புரதம் பரப்ப ஒரு லாங்முயிர் தொட்டி: வாங்கலாமா?

கொழுப்பமிலமும் லிப்பிடும் (உயிரணுச் சவ்வில் இருப்பது போன்ற கொழுப்பு) மட்டும் பரப்பிப் பார்க்கிறவர் என்றால் இந்த மதிப்புரை உங்களுக்கானது இல்லை. அந்த வேலைக்கு நடுத்தர ரகத்தில் எந்தத் தொட்டியை வாங்கினாலும் ஓடும். நான் எழுதுவது புரதம், பாலிசாக்கரைடு என்ற சர்க்கரைச் சங்கிலி, டிஎன்ஏ என்று உயிர்ப் பாலிமர்களை நீரின் மேல் விட்டுப் பார்க்கிறவர்களுக்காக. எங்கள் ஆய்வகத்தில் இந்தக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. யார் எதைப் பரப்பினாலும், தொட்டி கழுவியாச்சா, தகடு சரியா, கோடு ஏன் இப்படி வளைகிறது என்பதெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். தயாரித்த கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த அளவில் கிடைக்கும் தொட்டிகள் ஏறக்குறைய எல்லாம் ஒரே வார்ப்பு.

ஐந்துக்கு மூன்றரை. கருவி கெட்டது என்பதால் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. இது கொழுப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்ட கருவி. புரதத்தை வைத்தாலும் தயங்காமல் எண் காட்டும், அழகான கோடு வரையும். அந்தக் கோட்டில் எது புரதத்தைப் பற்றியது, எது கருவியின் பழக்கதோஷம் என்று பிரித்துச் சொல்ல கையேட்டில் ஒரு வரி கிடையாது.

பார்க்காதவர்களுக்குக் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆழமில்லாத டெஃப்லான் தொட்டி ஒன்று. எங்களுடையதில் பரப்பு சுமார் 240 சதுர சென்டிமீட்டர், ஆழம் 5 மில்லிமீட்டர். விளிம்புக்கு மேலே கொஞ்சம் மேடாக நிற்கும்படி நீரை நிரப்ப வேண்டும். அந்த நீரைத் தொட்டபடி இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு தடுப்புகள் மோட்டாரில் நகர்ந்து வந்து பரப்பைச் சுருக்கும். நடுவில் ஒரு மெல்லிய தகடு நுண்தராசிலிருந்து தொங்கி நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். தகட்டை நீர் எவ்வளவு இழுக்கிறது என்பதிலிருந்து பரப்பு இழுவிசை கிடைக்கும். சுத்தமான நீருக்கு 25 டிகிரி செல்சியஸில் அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். மேலே எதையாவது பரப்பினால் இழுவிசை குறையும். எவ்வளவு குறைந்ததோ அதுதான் பரப்பு அழுத்தம். பரப்பு சுருங்கச் சுருங்க அல்லது நேரம் போகப் போக அது எப்படி மாறுகிறது என்பதைத்தான் திரை கோடாக வரையும். இனி எண்ணை மட்டும் சொல்கிறேன், அலகு இதுவே.

அடிப்படை வடிவம் நூறு வருடத்துக்கும் மேலாக மாறவில்லை. ஆக்னஸ் பொக்கல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் வீட்டிலேயே செய்துகொண்ட தகரத் தொட்டி 70 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம். குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தினார், சிறு வட்டு ஒன்றைத் தராசில் தொங்கவிட்டு இழுவிசையை அளந்தார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, ஆய்வகம் இல்லை. ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் 1891-ல் நேச்சர் இதழில் வந்தது. அமெரிக்க வேதியியலாளர் லாங்முயிரின் கட்டுரை வந்தது 1917-ல், நோபல் 1932-ல். தொட்டிக்குப் பெயர் யாருடையது என்று பாருங்கள். இந்த ஆதங்கத்தை இங்கே கொட்டாவிட்டால் வேறு எங்கே கொட்டுவது?

இனி விஷயத்துக்கு வருகிறேன். புரதம் ஏன் இந்தக் கருவிக்கு அடங்க மறுக்கிறது?

ஸ்டியரிக் அமிலம் போன்ற ஒரு கொழுப்பமில மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை நீரில், வால் காற்றில். நெருக்கினால் நிமிர்ந்து நிற்கும், இன்னும் நெருக்கினால் படலம் உடையும். அதன் கணக்கு அவ்வளவுதான். புரதம் அப்படி இல்லை. நீரை விரும்பும் அமினோ அமிலங்களும் வெறுக்கும் அமினோ அமிலங்களும் ஒரே சங்கிலியில் மாறி மாறி வரும். மடிந்திருக்கும்போது வெறுப்பவை பெரும்பாலும் உள்ளே ஒளிந்துகொள்ளும். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்புக்கு வந்துவிட்டால் ஒளிய வேண்டிய அவசியம் தீர்ந்துவிடுகிறது. மடிப்பு தளர்ந்து, சங்கிலியின் சில துண்டுகள் பரப்பில் ஒட்டிப் படுக்கின்றன, இடையில் உள்ளவை வளையங்களாக நீருக்குள் தொங்குகின்றன, முனைகள் வாலாக நீள்கின்றன.

இப்படி ஒட்டியது திரும்பப் போகுமா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அழுத்தம் 10 இருக்கும்போது பரப்பில் 1 சதுர நானோமீட்டர் இடத்தைத் திறக்க ஆகும் வேலை 10-ன் அடுக்கு மைனஸ் 20 ஜூல். அறை வெப்பத்தில் ஒரு மூலக்கூறின் வெப்ப ஆற்றலோடு ஒப்பிட்டால் அது சுமார் 2.4 மடங்கு. சின்ன மூலக்கூறு அந்த அளவு இடத்தைக் கூட அடைப்பதில்லை, எனவே வருவதும் போவதுமாக இருக்கும். 30 சதுர நானோமீட்டர் பிடித்துப் படுத்திருக்கும் புரதத்துக்கு அதே கணக்கு 70 மடங்கைத் தாண்டுகிறது. தற்செயலாக அவ்வளவு ஆற்றல் ஒரே நேரத்தில் சேர்ந்து அது கிளம்பிப் போவது நடக்கிற காரியம் இல்லை. சங்கிலி துண்டு துண்டாகக் கழன்றுகொள்ள முடியும் என்பதால் நிஜத்தில் கணக்கு இத்தனை கறாராக இருக்காது. அழுத்தத்தை ஏற்றி அப்படியே வைத்திருந்தால் சிறிய புரதங்கள் மெல்ல மெல்ல நீருக்குள் நழுவுவதைப் பார்க்கலாம். ஆனாலும் வந்தது வந்ததுதான் என்று வைத்துக்கொள்வதே பெரும்பாலும் சரி.

தொட்டியின் மென்பொருள் இதையெல்லாம் கண்டுகொள்வதே இல்லை. கிடை அச்சில் அது போடுவது "ஒரு மூலக்கூறுக்கான பரப்பு". நீங்கள் சிரிஞ்சில் விட்ட அத்தனையும் மேலேயே இருக்கிறது என்று அது நம்புகிறது. 240 சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற கணக்கில் பரப்ப வேண்டியது வெறும் 24 மைக்ரோகிராம். கீழே இருப்பதோ 120 மில்லிலிட்டர் நீர். சொட்டு கொஞ்சம் ஆழமாக விழுந்தால் அதில் பாதி கீழே போய்விடும், திரையில் உள்ள எண் கொஞ்சமும் மாறாது. அதனால் எங்கள் ஆய்வகத்தில் கிடை அச்சை எப்போதும் "பரப்பிய அளவு, சதுர மீட்டருக்கு மில்லிகிராம்" என்று மாற்றித்தான் வரைவோம். "பரப்பிய" என்ற சொல் அந்தத் தலைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் சட்டம்.

பரப்புவதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, கருவியோடு வராது. ட்ரர்னிட் 1960-ல் எழுதிய முறை. ஈரமான கண்ணாடிக் கம்பி ஒன்றை நீர்ப்பரப்பைத் தொடும்படி நிறுத்தி, அதன் தலையிலிருந்து புரதக் கரைசலை மெல்ல வழியவிட வேண்டும். மெல்லிய படலமாகக் கம்பி மேல் இறங்கும்போதே புரதம் பரப்பைக் கண்டுபிடித்துவிடும், கீழே நீரைத் தொட்டதும் அப்படியே விரியும். லிப்பிடுக்குச் செய்வதுபோல குளோரோஃபார்மில் கரைத்துச் சொட்டுவிடும் பேச்சு இங்கே எடுபடாது. குளோரோஃபார்ம் பட்டாலே பெரும்பாலான புரதங்கள் உருக்குலைந்துவிடும். இவ்வளவு எளிய கண்ணாடிக் கம்பிக்கு ஒரு பிடிப்பானைக் கூடச் சட்டத்தில் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். நாங்கள் வேறொரு தாங்கியை ஓரமாக நிறுத்திச் சமாளிக்கிறோம்.

சரி, பரப்பாமல் நீரிலேயே புரதத்தைக் கரைத்து, தானாக மேலே வரட்டும் என்று விட்டால்? அதுவும் செய்யலாம், பொறுமை வேண்டும். எவ்வளவு பொறுமை என்பதை வார்டும் டோர்டாயும் 1946-ல் தந்த சமன்பாட்டிலிருந்து கணிக்கலாம். பரவலால் மட்டுமே புரதம் மேலே வருகிறது, வந்தது எல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் இருந்தால் சதுர மீட்டருக்கு 2 மில்லிகிராம் சேர ஐந்து நிமிடம் போதும். 1 மைக்ரோகிராம் என்றால் அது கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். செறிவு பத்தில் ஒன்றானால் நேரம் நூறு மடங்கு. நிஜத்தில் நீர் தானாகவே கொஞ்சம் கலங்கும் என்பதால் இதைவிடச் சீக்கிரம் வரும். ஆனாலும் நேரத்தைத் திட்டமிட இந்தக் கணக்கு உதவும். கருவியை முன்பதிவு செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது செறிவைத்தான்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி ஒரு நாள் ஓடி வந்தாள். "அக்கா, கோடு நகரவே மாட்டேங்குது. கேபிள் கழன்றிடுச்சா?"

"லைசோசைம்தானே?"

"ஆமாக்கா."

"கேபிள் நல்லாத்தான் இருக்கு. விடு, அது அப்படித்தான்."

அது அப்படித்தான். முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைமில் 129 அமினோ அமிலங்கள், சங்கிலியை உள்ளுக்குள் இழுத்துக் கட்டும் நான்கு டைசல்ஃபைடு பாலங்கள். கெட்டியாகக் கட்டிய மூட்டை. நீர்த்த கரைசலில் பரப்புக்கு வந்து சேர்ந்த பிறகும் இழுவிசை கொஞ்ச நேரம் 72-லேயே நிற்கும். போதுமான அளவு கூடி, ஒன்றையொன்று தொட்டு, கொஞ்சம் தளர்ந்த பிறகுதான் அழுத்தம் தலை தூக்கும். தகடு காட்டுவது அழுத்தத்தை மட்டுமே, பரப்பில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதை இல்லை. அழுத்தம் சுழி என்றால் பரப்பு காலி என்று அர்த்தம் இல்லை.

பாலில் உள்ள பீட்டா கேசீனை எடுத்தால் கதை தலைகீழ். 209 அமினோ அமிலங்கள், ஒரு டைசல்ஃபைடு பாலம் கூட இல்லை, நிலையான மடிப்பும் இல்லை. பிரிய வேண்டிய மூட்டையே இல்லாததால் வந்ததுமே படுத்துவிடும். அழுத்தம் விறுவிறுவென்று ஏறி இருபதைத் தாண்டி நிதானிக்கும். ஃபாஸ்பேட் ஏந்திய அதன் ஒரு முனை நீரை மிகவும் விரும்பும். நெருக்கினால் அந்த முனை நீருக்குள் தொங்கிக்கொள்ளும், மீதிச் சங்கிலி மேலே ஒட்டியிருக்கும். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் எப்போதும் ஓடவிடுவது இதைத்தான். தொட்டி, தகடு, நீர் மூன்றும் ஒழுங்காக இருந்தால் கேசீன் கோடு முன்பு வந்த கோட்டின் மேலேயே வந்து உட்காரும்.

பூஞ்சைகள் செய்யும் ஹைட்ரோஃபோபின் இன்னொரு கோடி. சுமார் நூறு அமினோ அமிலம்தான், ஆனால் நான்கு டைசல்ஃபைடு பாலங்கள். மடிப்பு பிரிவதில்லை. நீரை வெறுக்கும் திட்டு ஒன்று மூலக்கூறின் ஒரு பக்கத்தில் வெளியே தெரியும்படியே அமைந்திருக்கிறது. சைசோஃபில்லம் கம்யூன் என்ற காளானின் எஸ்சி3 புரதம் நீரின் இழுவிசையை 72-லிருந்து சுமார் 24-க்கு இறக்கிவிடும். சோப்பு கூட அவ்வளவு தூரம் போகத் திணறும். நீரிலிருந்து காற்றுக்கு இழை நீட்ட வேண்டிய பூஞ்சைக்கு அந்தத் திறமை தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட விறைப்பான படலத்தை இந்தத் தொட்டியில் அளக்கும்போதுதான் கருவியின் பெரிய பலவீனம் வெளியே வருகிறது.

பலவீனம் தகடுதான். வில்ஹெல்மி 1863-ல் சொன்ன முறை, எளிமையானது, ஆனால் இரண்டு நிபந்தனை உண்டு. நீர் தகட்டை முழுசாக நனைக்க வேண்டும், தகடு நேராகத் தொங்க வேண்டும். பிளாட்டினம் தகட்டைச் சுடரில் சிவக்கக் காய்ச்சினால் சுத்தமான நீர் அருமையாக நனைக்கும். புரதம் வந்த பிறகு? பிளாட்டினத்தின் மேலும் ஒட்டும். நனைதல் குறைந்தால் தகட்டின் மேல் இழுப்பு குறையும், மென்பொருள் அதை அழுத்தம் கூடிவிட்டதாகக் காட்டும். வடிதாளில் வெட்டிய தகடு இதற்கு மேல். நீரை உறிஞ்சிக்கொள்வதால் நனைதல் கெடாது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியலாம். புரதத்துக்கு நான் பிளாட்டினத்தைத் தொடுவதே இல்லை. கம்பெனி கொடுத்த பெட்டியில் இருந்தது ஒரு பிளாட்டினம் தகடு, காகிதத் தகடு ஒன்று கூட இல்லை. யாருக்காகச் செய்த கருவி என்பது அந்தப் பெட்டியைத் திறந்தபோதே தெரிந்துவிட்டது.

விறைப்பான படலத்தில் இன்னொரு சிக்கல். பாலில் உள்ள இன்னொரு புரதமான பீட்டா லாக்டோகுளோபுலின் போன்றவற்றின் மூலக்கூறுகள் பரப்பில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதைத் தடுப்பு தள்ளும்போது அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பரவாது. தள்ளும் திசையில் ஒன்று, குறுக்கே வேறொன்று. தகட்டைத் தடுப்புக்கு இணையாக வைத்தால் ஓர் எண், செங்குத்தாக வைத்தால் மற்றோர் எண். விறைப்பு கூடினால் படலம் தகட்டையே சாய்த்துவிடும். கேசீனில் இந்தத் தொல்லை இல்லை, அது ஓடும் படலம். ஆகவே இரண்டு திசையிலும் வைத்து அளந்து எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசமே உங்கள் படலம் திண்மத்தைப் போல நடக்கிறது என்பதற்கான தகவல். நல்ல தகவல்தான், அதைச் சொல்ல மென்பொருளில் இடம் இல்லை.

தராசின் நுணுக்கத்தைப் பாராட்ட வேண்டும். சுற்றளவு 40 மில்லிமீட்டர் உள்ள தகட்டில் அழுத்தம் 1 மாறுவது என்றால் வெறும் 4 மில்லிகிராம் எடை மாறுவது. அதில் நூறில் ஒரு பங்கைக் கூட நடுக்கமில்லாமல் காட்டுகிறது. ஆனால் இந்த நுணுக்கமே நீர் ஆவியாவதையும் சேர்த்து அளக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகட்டைச் சுற்றி நீர்மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினால் மிதப்பு விசை 2 மில்லிகிராம் குறையும். அழுத்தத்தில் அது 0.5. இரவெல்லாம் ஓடும் சோதனையில் கோடு சரிந்துகொண்டே போவதைப் பார்த்து, "புரதம் கழன்று போகிறது" என்று அறிக்கை எழுதுகிறவர்கள் உண்டு. போனது நீர். மூடி கட்டாயம், உள்ளே ஈரமான வடிதாள் வைத்தால் இன்னும் நல்லது. வெப்பத்தையும் விடக்கூடாது. டிகிரிக்கு 0.15 வீதம் நீரின் இழுவிசை மாறும், அறைக் குளிர்சாதனம் நின்று நின்று ஓடினாலே கோட்டில் அலை தெரியும். தொட்டிக்கு அடியில் நீர் சுற்றும் வெப்ப உறை கூடுதல் பாகமாகத்தான் வருகிறது. யோசிக்காமல் வாங்குங்கள்.

தடுப்புகளைப் பற்றிக் குறை இல்லை. இரண்டு விதம் கிடைக்கின்றன, டெஃப்லானிலும் டெல்ரின் என்ற வேறொரு பிளாஸ்டிக்கிலும். டெல்ரின் நீரால் ஓரளவு நனையும், அதனால் தடுப்புக்கு அடியில் படலம் கசிவது குறைவு. புரதத்துக்கு டெல்ரின்தான். மோட்டார் சத்தமில்லாமல் நகர்கிறது. வேகத்தை மட்டும் பார்த்து வையுங்கள். மெதுவாக நெருக்கினால் புரதத்துக்கு மடிப்பை மாற்றிக்கொள்ளவும் நழுவவும் நேரம் கிடைக்கும். வேகமாக நெருக்கினால் கிடைக்காது. இரண்டு வேகத்தில் இரண்டு கோடு வரும், இரண்டுமே நிஜம். நெருக்கிவிட்டுத் திரும்ப விரித்தால் வந்த வழியே திரும்பாது, வளையம் போடும். மென்பொருள் உச்சியில் ஒரு புள்ளியைத் தேடிப் பிடித்து "படலம் உடையும் புள்ளி" என்று சிவப்பில் குறிக்கும். கொழுப்பமிலத்தில் அந்தப் புள்ளி கூர்மையாக இருக்கும். புரதம் அப்படி உடைவதே இல்லை. பட்டையாக மடியும், அடுக்காகும், வளையங்களை நீருக்குள் தள்ளும். அந்தச் சிவப்புக் குறியை அணைக்கும் வசதி எந்தப் பட்டியலில் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்ததும் நிம்மதியானேன்.

எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது தடுப்புகளை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கும் வசதி. பரப்பைச் சில சதவீதம் மட்டும் விரித்துச் சுருக்கி, அழுத்தம் எப்படிப் பின்தொடர்கிறது என்று பார்த்தால் படலத்தின் மீள்மை கிடைக்கும். அழுத்தம் ஒன்றாக உள்ள இரண்டு படலங்கள் மீள்மையில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரத்தில் இருக்கலாம். நுரை நிற்குமா என்பதை வெறும் அழுத்த எண்ணை விட இது நன்றாகச் சொல்லும். மென்பொருளில் இந்தப் பகுதியை மட்டும் யாரோ உண்மையிலேயே அளந்து பார்த்தவர் எழுதியிருக்கிறார்.

பாலிசாக்கரைடு பரப்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டெக்ஸ்ட்ரான் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளுக்கு நீரே சொர்க்கம், அவை மேலே வர மாட்டா. மேலே வருகிற மாதிரி தெரிந்தால் முதலில் உங்கள் மாதிரியில் புரதம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கருவேலம் பிசின் நல்ல உதாரணம். அதன் பெரும்பகுதி சர்க்கரை, இரண்டு சதவீதம் அளவுக்குத்தான் புரதம். பரப்பில் ஒட்டும் வேலையைச் செய்வது அந்தச் சிறுபான்மை, சர்க்கரைக் கிளைகள் நீருக்குள் நீண்டு, நீரில் கலந்த எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று நெருங்காமல் பார்த்துக்கொள்ளும். மீத்தைல் செல்லுலோஸ் போன்ற மாற்றம் செய்த வகைகள் வேறு. அவற்றில் நீரை வெறுக்கும் தொகுதிகளை நாமே மாட்டியிருக்கிறோம், எனவே அவை மேலே வரும்.

இரட்டைச்சுருள் டிஎன்ஏவும் தானாக மேலே வராது. அதற்கு ஒரு துணை வேண்டும். நேர்மின் தலை கொண்ட லிப்பிடு படலத்தை மேலே விரித்துவிட்டு, அடியில் டிஎன்ஏவைச் செலுத்தினால் வந்து ஒட்டும். கிளைன்ஷ்மிட்டும் ஸானும் 1959-ல் டிஎன்ஏவை சைட்டோக்ரோம் சி புரதத்தோடு சேர்த்து நீரின் மேல் பரப்பி, அந்தப் படலத்தை அள்ளி மின்னணு நுண்ணோக்கியில் முழு நீள இழைகளைப் பார்த்தார்கள். இந்த வகை வேலைக்குத் தொட்டியின் அடியிலிருந்து ஊசி செலுத்தும் துளை தேவை. எங்கள் தொட்டியில் இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. லிப்பிடை 30 வரை நெருக்கி வைத்துவிட்டுக் கீழே புரதத்தைச் செலுத்தினால், உயிரணுச் சவ்வை ஒத்த நெருக்கத்தில் அது நுழைகிறதா என்று பார்க்கலாம். கருவி பிறந்த வேலையும் புரதமும் கைகோக்கும் இடம் இது. இங்கே ஐந்துக்கு ஐந்தே கொடுப்பேன்.

கூடுதல் பாகங்களில் புரூஸ்டர் கோண நுண்ணோக்கி கண்ணைக் கவரும். நீருக்கு 53 டிகிரி அருகே சாய்த்து ஒளியை விட்டால் வெறும் நீர் கருப்பாகத் தெரியும், படலம் இருக்கும் இடம் மட்டும் பளிச்சிடும். லிப்பிடுத் தீவுகளைப் பார்க்க அற்புதம். புரதப் படலம் பெரும்பாலும் திட்டில்லாமல் சாம்பல் நிறமாகவே தெரியும். படலம் சுருங்கி வரிவிழும்போதோ, கட்டிகள் மிதக்கும்போதோதான் பயன். பொதுவில் ஒன்று இருந்தால் போதும், புரதத்துக்கென்று தனியாக வாங்காதீர்கள்.

சுத்தம் செய்வது பற்றிக் கையேடு சொல்வதைப் புரதக்காரர்கள் அப்படியே பின்பற்ற வேண்டாம். "குளோரோஃபார்மால் துடைக்கவும்" என்று ஆரம்பிக்கிறது. புரதம் டெஃப்லானிலும் ஒட்டும். அதன் மேல் முதலில் குளோரோஃபார்மை ஊற்றினால் உருக்குலைந்து அங்கேயே பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த இடத்தை நீர் நனைக்க ஆரம்பிக்கும், விளிம்பில் மேடு நிற்காமல் வழியும். முதலில் வெதுவெதுப்பான நீரும் ஆய்வகச் சோப்பும், நிறைய அலசல், பிறகு எத்தனால், கடைசியில்தான் குளோரோஃபார்ம். நீர் 18.2 மெகாஓம் என்ற மிகத் தூய தரமானதாக இருந்தும் பஃபர் உப்பு காலை வாரும். சோடியம் குளோரைடை உலையில் 500 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்தால் அதில் உள்ள கரிமக் குப்பை போய்விடும். எதையும் பரப்பாமல் தடுப்புகளை முழுசாக நெருக்கிப் பாருங்கள். அழுத்தம் 0.2-க்கு மேல் ஏறினால் மேற்பரப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாத கோட்டை நான் பார்க்கக் கூட மாட்டேன் என்பது ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

யார் வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இழுவிசை நேரத்தோடு எப்படி இறங்குகிறது என்பது மட்டும் தேவை என்றால் தொங்கும் துளிக் கருவி போதும். சில பத்து மைக்ரோலிட்டரில் வேலை முடியும், தொட்டிக்கு 120 மில்லிலிட்டர் கேட்கும். அரிய புரதம் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசமே முடிவைச் சொல்லிவிடும். ஆனால் துளியின் வடிவத்திலிருந்து இழுவிசையைக் கணக்கிடுவது படலம் திரவம் போல நடக்கும் வரைதான் சரி. ஹைட்ரோஃபோபின் போன்ற விறைப்பான தோல் துளியைப் போர்த்திக்கொண்டால் அங்கேயும் எண் பொய் சொல்லும். நுரையீரலின் உட்பரப்பில் படலமாக இருக்கும் சர்ஃபாக்டன்ட் பார்க்கிறவர்களுக்கும் இந்தத் தொட்டி சரிப்படாது. அந்தப் படலத்தை நெருக்கினால் அழுத்தம் 70-ஐ நெருங்கும், சாதாரணத் தடுப்புக்கு அடியில் அது கசிந்துவிடும்.

மருந்துப் புரதங்களில் வேலை செய்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். குப்பியைக் குலுக்கும்போது ஆன்டிபாடி ஏன் கட்டி தட்டுகிறது என்பது முழுக்க முழுக்கப் பரப்பின் கதை. பரப்பில் தோல் உருவாகிறது, குலுக்கல் அதைக் கிழித்து உள்ளே தள்ளுகிறது, புதுத் தோல் உருவாகிறது. தடுப்பைத் திரும்பத் திரும்ப நெருக்கி விரித்தால் அதே நாடகத்தைத் தொட்டியிலேயே நடத்திக் காட்டலாம், சோப்பு போன்ற பாலிசார்பேட் கொஞ்சம் சேர்த்ததும் புரதம் பரப்பை விட்டு விலகுவதையும் பார்க்கலாம். குளிர் மின்னணு நுண்ணோக்கி ஆட்களும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில் கொழுப்பமில சின்தேஸ் கூட்டுப்புரதத்தில் சுமார் 90 சதவீதம், மாதிரியை மெல்லிய நீர்ப்படலமாக்கும்போது காற்றுப் பரப்பில் பட்டு ஓரளவு உருக்குலைந்திருந்தது. நீர் விரும்பும்படி மாற்றிய கிராஃபீனை அடியில் வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. மாதிரி கெட்டுவிட்டது என்று சுத்திகரிப்பைத் திட்டுவதற்கு முன் அந்தப் புரதத்தைத் தொட்டியில் ஓர் ஓட்டம் விட்டுப் பார்ப்பது மலிவு.

பழைய தொட்டி ஏதாவது கைமாறி வருகிறது என்றால் மோட்டாரையும் தராசையும் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவை சரிசெய்யக் கூடியவை. டெஃப்லான் விளிம்பை மட்டும் விளக்கைச் சாய்த்துப் பிடித்து முழு நீளத்துக்கும் பாருங்கள். தடுப்பு உரசி உரசி விழுந்த கீறல் இருந்தால், அதன் வழியாகப் படலம் கசியும், உள்ளே புகுந்த புரதம் எந்தச் சோப்புக்கும் வெளியே வராது. கீறல் இல்லை என்றால் காகிதத் தகடுகளையும் ஒரு ஜோடி டெல்ரின் தடுப்புகளையும் தனியாக ஆர்டர் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.